ராக்கெட் மொழியில் முதல் அடிகள்: அடைப்புக்குறியை வாசிக்கப் பழகுதல்

ராக்கெட் போன்ற ஃபங்ஷனல் மொழி ஒன்றை, அதாவது உள்ளீடு வாங்கி மதிப்பைத் தரும் ஃபங்ஷன்களை இணைத்துப் புரோகிராம் எழுதும் கணினி மொழியை, கற்க வருகிறவர்களில் பலருக்குப் பைத்தானோ சி-யோ ஜாவாவோ ஏற்கெனவே ஓரளவு தெரிந்திருக்கும். அந்தப் பழைய கைப்பழக்கம்தான் முதல் வாரத்தில் அவர்களை இடறிவிடுகிறது. ராக்கெட்டின் இலக்கணம் மிகச் சிறியது. விதிகளை ஒரே தாளில் எழுதிவிடலாம். ஆனால் அதில் அடைப்புக்குறிக்கு உள்ள பொருள், மற்ற மொழிகளில் நாம் பார்த்துப் பழகிய பொருள் கிடையாது. அதைச் சரியாக வாசிக்கத் தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வழிக்கு வரும். அதனால் இந்தக் கட்டுரை அங்கேயே கூடுதல் நேரம் நிற்கும்.

ராக்கெட் எங்கிருந்து வந்தது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். 1958-இல் எம்ஐடி-யில் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழியிலிருந்து, 1975-இல் அதே இடத்தில் ஜெரால்ட் சஸ்மனும் கை ஸ்டீலும் ஸ்கீம் என்ற சுருக்கமான மொழியைப் பிரித்தெடுத்தார்கள். அந்தக் கிளையில் கற்பித்தலுக்கென்று வளர்ந்த பிஎல்டி ஸ்கீம் 2010-இல் ராக்கெட் என்று பெயர் மாறியது. தூய ஃபங்ஷனல் மொழி என்று இதைச் சொல்ல முடியாது. மதிப்பை மாற்றும் கட்டளைகளும் இதில் உண்டு. முதல் சில மாதங்களுக்கு அவை இருப்பதையே மறந்துவிடுங்கள்.

ஒரு ஏற்பாடு. ராக்கெட்டின் சொந்தச் சொற்கள் ஆங்கில எழுத்தில் இருப்பவை. இங்கே அவற்றை ஒலிப்படி டிஃபைன், இஃப், லிஸ்ட் என்று எழுதியிருக்கிறோம். கணினியில் இடும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். நாமே வைக்கும் பெயர்களை மட்டும் தமிழிலேயே விட்டுவிடலாம். படி-விலை, கூட்டு, மொத்தம் போன்ற பெயர்களை ராக்கெட் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. மொழியின் சொல் எது, நாம் வைத்த பெயர் எது என்பது பார்த்தவுடனே தெரியும்.

நிறுவுதல்

ராக்கெட்-லாங் டாட் ஆர்க் தளத்தில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் இலவசமாகக் கிடைக்கும். பதிவிறக்கப் பக்கத்தில் முழு ராக்கெட், மினிமல் ராக்கெட் என்று இரண்டு இருக்கும். முழுமையானதையே எடுங்கள். மினிமலில் டாக்டர்ராக்கெட் என்ற எடிட்டர் வராது.

டாக்டர்ராக்கெட்டைத் திறந்தால் இரண்டு பகுதிகள் தெரியும். மேலே இருப்பது கோடு, அதாவது புரோகிராம் வரிகள், எழுதிச் சேமிக்கும் இடம். கீழே இருப்பது ஒவ்வொரு வரியாகத் தட்டி உடனே விடை பார்க்கும் இடம். மேல்பகுதியின் முதல் வரி எப்போதும் இதுதான்:

#லாங் ராக்கெட்

ஹாஷ் குறிக்கும் லாங்குக்கும் நடுவே இடைவெளி கூடாது. லாங்குக்கும் ராக்கெட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும். இந்த வரி இல்லாவிட்டால் கீழே என்ன எழுதியிருந்தாலும் ஓடாது. ரன் பொத்தானையோ கண்ட்ரோல்-ஆர் விசையையோ அழுத்தினால் மேலே உள்ள கோடு முழுவதும் புதிதாக ஓடி, கீழ்ப்பகுதி அதன் பெயர்களை அறிந்துகொள்ளும். மேலே எதையாவது திருத்திவிட்டு மறுபடி ரன் செய்யாமல் கீழே சோதித்துப் பார்த்து, “மாற்றியும் பழைய விடையே வருகிறதே” என்று குழம்புவது அடிக்கடி நடக்கும். திருத்தம், ரன், சோதனை என்ற வரிசை கையில் ஊறட்டும்.

அடைப்புக்குறி ஒரு கட்டளை

கீழ்ப்பகுதியில் இதைத் தட்டுங்கள்:

(+ 2 3)

5 என்று வரும். செய்ய வேண்டிய வேலை முதலில், அதற்குத் தேவையான பொருள்கள் பின்னால், நடுவே இடைவெளி. ராக்கெட்டின் இலக்கணத்தில் முக்கால்வாசி இதுவே. திறக்கும் அடைப்புக்குறியைப் பார்த்தவுடன் “இதோ, அடுத்து வருவதைச் செய்” என்று மனத்துக்குள் வாசியுங்கள். (+ 1 2 3 4) என்று எத்தனை எண்களையும் அடுக்கலாம்; 10 கிடைக்கும். பெருக்கல் முதலா, கூட்டல் முதலா என்ற முன்னுரிமைச் சட்டம் இங்கே கிடையாது, ஏனென்றால் எது எதற்குள் இருக்கிறது என்பதை அடைப்புக்குறியே சொல்லிவிடுகிறது.

ஒன்றுக்குள் ஒன்று வரும்போது உள்ளே இருப்பது முதலில் மதிப்பாக மாறி, அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்:

(* (+ 2 3) (- 10 4))
(* 5 (- 10 4))
(* 5 6)
30

இப்படி ஒரு அடைப்பை எடுத்துவிட்டு அதன் மதிப்பை வைப்பதைத் தாளில் பேனாவால் பத்து முறையாவது செய்து பாருங்கள். ஃபங்ஷனல் மொழியில் புரோகிராம் ஓடுவது என்றால் இந்த மாற்றிவைத்தல்தான். பின்னால் ரிகர்ஷன், அதாவது ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது, வரும்போது இந்தப் பயிற்சி இல்லாதவர்களுக்குத் தலை சுற்றும். இருப்பவர்களுக்கு அது வெறும் கணக்காகத் தெரியும்.

இங்கே நடக்கும் தவறுகளில் முதலாவது (2 + 3) என்று எழுதுவது. ராக்கெட் 2-ஐச் செய்யச் சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டு, “அப்ளிகேஷன்: நாட் எ ப்ரொசீஜர்” என்று சிவப்பில் சொல்லும். “இது செய்யக்கூடிய வேலை இல்லையே” என்று பொருள். செய்தியின் கடைசியில் கிவன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 2 என்று இருக்கும். அந்தக் கடைசிச் சொல்லைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இரண்டாவது, தேவையில்லாத அடைப்பு. கணக்கில் ((2 + 3)) என்று எழுதினால் ஒன்றும் கெடாது. இங்கே ((+ 2 3)) என்று எழுதினால் உள்ளே 5 வந்து, பிறகு வெளி அடைப்பு “5-ஐச் செய்” என்று ஆகிவிடும். மறுபடி அதே செய்தி, கிவன் பக்கத்தில் 5. பாதுகாப்புக்காக ஓர் அடைப்பைக் கூடப் போட்டுவைக்கும் வழக்கம் உள்ளவர்கள் அதை இங்கே விட்டாக வேண்டும்.

மூன்றாவது, இடைவெளி. (+2 3) என்று ஒட்டி எழுதினால் ராக்கெட் அதில் +2 என்ற எண்ணைத்தான் பார்க்கும், கூட்டலை இல்லை. அதே காரணத்தால் படி-விலை என்பது ஒரே பெயர். படியிலிருந்து விலையைக் கழிக்க வேண்டுமானால் (- படி விலை) என்று எழுத வேண்டும். பெயருக்குள் சிறுகோடு, கேள்விக்குறி, நட்சத்திரம் எல்லாம் வரலாம் என்பது பழக இரண்டு நாள் ஆகும்.

எண்களும் எழுத்துகளும்

(/ 1 3) என்று கேட்டால் 0.333 வராது, மூன்றில் ஒன்று என்ற பின்னமே விடையாக வரும். 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் மற்ற மொழிகளைப் போலவே 0.30000000000000004 என்று வரும். 1/10, 2/10 என்று பின்னமாகக் கொடுத்தால் சரியாக 3/10. பணக் கணக்குக்கு இது பெரிய நிம்மதி. பின்னத்தை எழுதும்போது சாய்கோட்டின் இரு பக்கமும் இடைவெளி விடாதீர்கள். முழு எண் வகுத்தலுக்குக் கோஷன்ட்டும் ரிமைண்டரும் உண்டு: 17, 5 கொடுத்தால் முன்னது 3, பின்னது 2.

எழுத்துச் சரங்களை இரட்டை மேற்கோளில் இட வேண்டும். அந்த மேற்கோள் நேரானதாக இருக்க வேண்டும். வேர்டிலிருந்தோ கைப்பேசிச் செய்தியிலிருந்தோ ஒட்டினால் அது வளைந்த மேற்கோளாக மாறியிருக்கும். ராக்கெட் அதைச் சரத்தின் தொடக்கமாகக் கருதாது; ஒரு பெயரின் பகுதியாக எண்ணி “அன்பவுண்ட் ஐடென்டிஃபையர்” என்று சொல்லும். அதாவது, இப்படி ஒரு பெயரை யாரும் வரையறுக்கவில்லை.

தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். (ஸ்ட்ரிங்-லெங்த் "வணக்கம்") என்று கேட்டால் 7 என்று வரும். நம் கணக்கில் வ, ண, க், க, ம் என்று 5 எழுத்துகள். யூனிகோடில் புள்ளி தனிக்குறி என்பதால் க், ம் இரண்டும் இரண்டிரண்டாக எண்ணப்படுகின்றன. கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக எண்ண, புதிய பதிப்புகளில் ஸ்ட்ரிங்-கிராஃபீம்-கவுன்ட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அது 5 என்று சரியாகச் சொல்லும்.

பெயரிலும் இதே பொறி உண்டு. ‘கௌ’ என்று ஔகாரக் குறியோடு தட்டியதும், ‘கெள’ என்று ஒற்றைக்கொம்பு, க, ள என மூன்றாகத் தெரியும்படி தட்டியதும் திரையில் ஒன்றுபோலவே இருக்கும். ராக்கெட்டுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். வரையறுத்த பெயரையே “தெரியாது” என்று ராக்கெட் சொன்னால், அந்தப் பெயரை நகலெடுத்து இரண்டு இடத்திலும் ஒட்டிப் பாருங்கள். தீர்ந்துவிட்டால் காரணம் இதுதான்.

பெயரிடுதல்: டிஃபைன்

(டிஃபைன் படி-விலை 46)

இனிப் படி-விலை என்ற பெயரைப் பார்க்கும் இடமெல்லாம் 46 என்று வாசித்துக்கொள்ளலாம். ஃபங்ஷன் எழுதுவதும் இதே டிஃபைனால்தான். அது எப்படி அழைக்கப்படுமோ அதே வடிவத்தை முதலில் எழுதிக் காட்ட வேண்டும்:

(டிஃபைன் (தொகை விலை அளவு)
  (* விலை அளவு))

(தொகை 46 3) என்று அழைத்தால் 138. ரிட்டர்ன் என்ற சொல் கிடையாது. உடம்பின், அதாவது இங்கே இரண்டாம் வரியின், மதிப்பே ஃபங்ஷனின் மதிப்பு. பழைய பழக்கத்தில் டிஃபைன் தொகை (விலை அளவு) என்று பெயரை அடைப்புக்கு வெளியே விட்டுவிட்டால், “பேட் சின்டாக்ஸ்” என்றும் பெயருக்குப் பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட கோவைகள் (மதிப்பாக மாறும் துண்டுகள்) இருக்கின்றன என்றும் செய்தி வரும். அடைப்பைப் பெயருக்கு முன்னால் நகர்த்தினால் சரியாகிவிடும். இரண்டு மதிப்பு கேட்கும் ஃபங்ஷனுக்கு ஒன்றோ மூன்றோ கொடுத்தால் “அரிட்டி மிஸ்மேட்ச்” என்று வரும். எத்தனை எதிர்பார்த்தது, எத்தனை வந்தது என்ற இரண்டு எண்களும் அதிலேயே இருக்கும்.

ஒரே கோப்பில் ஒரே பெயரை மேல்மட்டத்தில் இரண்டு முறை டிஃபைன் செய்ய முடியாது. முதலில் விலை 40, பிறகு விலை 50 என்று எழுத வருகிறவர்களுக்கு இது தடையாகத் தோன்றும். பெயர் இங்கே மதிப்பை மாற்றி மாற்றிப் போடும் பெட்டி கிடையாது. ஒரு முறை சூட்டினால் சூட்டியதுதான். விலை மாறும் என்றால் அது ஃபங்ஷனுக்குள் வரும் உள்ளீடாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் சட்டத்தோடு சண்டை போடாமல் இருப்பவர்கள் வேகமாக முன்னேறுகிறார்கள்.

குறிப்புரை எழுத அரைப்புள்ளி. அதற்குப் பிறகு வரி முடியும்வரை ராக்கெட் படிக்காது. ஹாஷும் அரைப்புள்ளியும் சேர்ந்து ஒரு கோவைக்கு முன்னால் வந்தால், அந்தக் கோவை எத்தனை வரி இருந்தாலும் முழுவதும் ஒதுக்கப்படும். பிழை தேடும்போது இது மிகவும் உதவும்.

தேர்வு செய்தல்: இஃப், காண்ட்

இஃப்புக்கு மூன்று பகுதிகள், மூன்றும் கட்டாயம்: சோதனை, ஆம் என்றால் உள்ள மதிப்பு, இல்லை என்றால் உள்ள மதிப்பு.

(இஃப் (> அளவு 10) "மொத்த விலை" "சில்லறை விலை")

எல்ஸ் பகுதியை, அதாவது மூன்றாவதை, விட்டால் ராக்கெட் மறுத்துவிடும். இஃப்பும் ஒரு மதிப்பாக மாறியாக வேண்டும். ஒரு பாதையில் மதிப்பே இல்லையென்றால் அந்த இடத்தில் எதை வைப்பது? இன்னொன்று: பொய் என்பதற்கு ஒரே ஒரு மதிப்புதான் உண்டு, #ஃபால்ஸ். 0, வெற்றுச் சரம், வெற்று லிஸ்ட் எல்லாமே இங்கே உண்மைதான். பைத்தானிலிருந்து வருகிறவர்கள் இதில் சத்தமில்லாமல் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் பிழைச் செய்தி வராது. விடை மட்டும் தப்பாக இருக்கும்.

இரண்டுக்கு மேல் பாதைகள் இருந்தால் காண்ட், அதாவது கண்டிஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்து. ஒரு கூரியர் கட்டணத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம்:

(டிஃபைன் (கட்டணம் கிராம்)
  (காண்ட்
    [(<= கிராம் 250) 40]
    [(<= கிராம் 500) 60]
    [(<= கிராம் 1000) 95]
    [எல்ஸ் (+ 95 (* 50 (சீலிங் (/ (- கிராம் 1000) 500))))]))

சதுர அடைப்பும் வளைந்த அடைப்பும் ராக்கெட்டுக்கு ஒன்றே. கண்ணுக்கு எளிதாக இருக்கட்டும் என்று பாதைகளுக்குச் சதுரம் போடுவது வழக்கம். திறந்தது எதுவோ அதே வகையால்தான் மூட வேண்டும்.

1700 கிராமுக்குக் கையால் போட்டுப் பாருங்கள். முதல் மூன்று சோதனையும் பொய். எல்ஸுக்குள் கழித்தால் 700, வகுத்தால் 7/5, சீலிங் அதை மேல்நோக்கி 2 ஆக்கும், பெருக்கினால் 100, கூட்டினால் 195. காண்ட் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தும் பாதையிலேயே நின்றுவிடும். 1000 வரியை மேலே தூக்கிப் போட்டால் 200 கிராமுக்கும் 95 ரூபாய் வந்துவிடும். விடையை (40) என்று அடைப்புக்குள் எழுதினால் பழையபடி “40-ஐச் செய்” ஆகிவிடும். எல்ஸ் பாதையே இல்லாமல் எதுவும் பொருந்தாவிட்டால் வாய்ட் என்ற வெற்று மதிப்பு வரும். அது வேறெங்கோ ஒரு கூட்டலில் போய்ச் சிக்கிக்கொண்டு அங்கே பிழை காட்டும். எனவே எல்ஸ் எழுதாத காண்ட் வேண்டாம்.

எண்களை ஒப்பிட = குறி; மற்ற எதையும் ஒப்பிட ஈக்வல்? என்ற ஃபங்ஷன், கேள்விக்குறியும் பெயரின் பகுதி. சரத்தை = குறியால் ஒப்பிட்டால் “கான்ட்ராக்ட் வயலேஷன்” என்று வரும். எக்ஸ்பெக்டட் என்ற வரியில் அதற்கு எது வேண்டுமோ அது இருக்கும், கிவன் வரியில் நாம் கொடுத்தது இருக்கும். ராக்கெட்டின் பிழைகளில் பாதி இந்த வடிவம்தான்.

இடையில் பெயர் வைக்க: லெட்*

ஒரு கணக்கின் நடுவில் வரும் மதிப்புக்குத் தற்காலிகப் பெயர் வைக்க லெட் உண்டு. தொடங்குகிறவர்கள் நட்சத்திரம் போட்ட லெட்*-ஐயே பயன்படுத்தலாம்:

(டிஃபைன் (வரியோடு விலை அளவு)
  (லெட்* ([அடக்கம் (* விலை அளவு)]
          [வரி (* அடக்கம் 5/100)])
    (+ அடக்கம் வரி)))

(வரியோடு 200 3) என்றால் 630. நட்சத்திரம் இல்லாத லெட்டில் ஒரு பெயர் பக்கத்துப் பெயரைப் பார்க்காது. வரி என்ற இடத்தில் அடக்கம் தெரியாது என்று பிழை வரும். எல்லாப் பெயர்களையும் சுற்றி ஒரு வெளி அடைப்பு இருப்பதை மறந்துவிடாதீர்கள். பெயர் ஒன்றே ஒன்றாக இருந்தாலும் அந்த அடைப்பு வேண்டும்.

லிஸ்ட்

(லிஸ்ட் 4 7 9) என்று எழுதினால் '(4 7 9) என்று காட்டும். முன்னால் உள்ள ஒற்றை மேற்கோள் “இதைச் செய்யாதே, அப்படியே வை” என்பதற்கான குறி. அதை மறந்து (4 7 9) என்று தட்டினால் என்ன ஆகும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும். அப்படியே வை என்றால் உண்மையிலேயே அப்படியே: (லிஸ்ட் 1 (+ 1 1)) என்பது '(1 2) ஆகும், '(1 (+ 1 1)) என்பதிலோ கூட்டல் நடக்காமல் உள்ளே எழுத்தாகவே கிடக்கும்.

லிஸ்ட்டைக் கையாள நான்கு சொற்கள் போதும். ஃபர்ஸ்ட் முதல் உறுப்பைத் தரும். ரெஸ்ட் முதல் உறுப்பைத் தவிர்த்த மீதி லிஸ்ட்டைத் தரும். எம்ப்டி? லிஸ்ட் காலியா என்று சொல்லும். கான்ஸ், அதாவது கன்ஸ்ட்ரக்ட் என்ற சொல்லின் முதல் நான்கு எழுத்து, ஓர் உறுப்பை லிஸ்ட்டின் முன்னால் சேர்த்துப் புதிய லிஸ்ட் தரும். பழைய லிஸ்ட் மாறாது. கான்ஸ் செய்துவிட்டுப் பழைய பெயரை அச்சிட்டுப் பார்த்து “சேரவில்லையே” என்று கேட்பவர்கள், விடையைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டிருப்பார்கள். கான்ஸின் இரண்டாவது இடத்தில் லிஸ்ட் இருக்க வேண்டும். (கான்ஸ் 1 2) என்றால் நடுவில் புள்ளி வைத்த ஜோடி ஒன்று வரும், அது லிஸ்ட் இல்லை.

லூப்புக்குப் பதில்: தன்னையே அழைத்தல்

லிஸ்ட் ஒன்று காலியாக இருக்கும், அல்லது ஒரு முதல் உறுப்பும் ஒரு மீதியும் இருக்கும். மூன்றாவது வகை இல்லை. லிஸ்ட்டுக்கான ஃபங்ஷனும் அதே அச்சில் இரண்டே பாதையோடு வார்க்கப்படும்:

(டிஃபைன் (கூட்டு எண்கள்)
  (இஃப் (எம்ப்டி? எண்கள்)
      0
      (+ (ஃபர்ஸ்ட் எண்கள்)
         (கூட்டு (ரெஸ்ட் எண்கள்)))))

தாளில் விரித்தால்:

(கூட்டு '(4 7 9))
(+ 4 (கூட்டு '(7 9)))
(+ 4 (+ 7 (கூட்டு '(9))))
(+ 4 (+ 7 (+ 9 (கூட்டு '()))))
(+ 4 (+ 7 (+ 9 0)))
20

இங்கே மூன்று இடங்களில் தவறு நிகழும். காலி லிஸ்ட்டுக்கான பாதையை எழுதாவிட்டால், கடைசியில் ஃபர்ஸ்ட் காலி லிஸ்ட்டைச் சந்தித்து கான்ட்ராக்ட் வயலேஷன் சொல்லும். ரெஸ்ட்டை மறந்து (கூட்டு எண்கள்) என்றே எழுதிவிட்டால் லிஸ்ட் சுருங்கவே சுருங்காது. நினைவகம் நிறையும்வரை ஓடும். ஸ்டாப் பொத்தானை அழுத்திவிட்டு ரெஸ்ட் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, கூட்டலைப் பெருக்கலாக மாற்றும்போது காலிப் பாதையின் 0-வை அப்படியே விட்டுவிடுவது. எந்த லிஸ்ட்டுக்கும் விடை 0 என்றே வரும். அங்கே 1 இருக்க வேண்டும்.

மேலே விரித்ததில் வலப்பக்கம் நீண்டுகொண்டே போனதைக் கவனித்திருப்பீர்கள். முடிக்காத கூட்டல்கள் எல்லாம் நினைவில் காத்திருக்கின்றன. இதுவரை வந்த தொகையையும் உள்ளீடாகக் கொண்டுபோனால் அந்த நீட்சி இருக்காது:

(டிஃபைன் (கூட்டு-2 எண்கள் இதுவரை)
  (இஃப் (எம்ப்டி? எண்கள்)
      இதுவரை
      (கூட்டு-2 (ரெஸ்ட் எண்கள்)
                (+ இதுவரை (ஃபர்ஸ்ட் எண்கள்)))))

(கூட்டு-2 '(4 7 9) 0)
(கூட்டு-2 '(7 9) 4)
(கூட்டு-2 '(9) 11)
(கூட்டு-2 '() 20)
20

கடைசி வேலையே தன்னை அழைப்பதாக இருந்தால் ராக்கெட் புதிதாக நினைவிடம் எடுப்பதில்லை. மற்ற மொழியின் லூப் செய்யும் வேலை இதுவே. எந்தப் பெயரின் மதிப்பும் மாற்றப்படாமல் நடக்கிறது. தொடக்கத்தில் முதல் வடிவத்தையே எழுதுங்கள். அது படிக்க எளிது. சில ஆயிரம் உறுப்புகளுக்கு எந்தக் குறையும் தெரியாது.

மேப், ஃபில்டர், ஃபோல்ட்

ஃபங்ஷனையே இன்னொரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கலாம். பெயர் வைக்க வேண்டிய அளவுக்கு முக்கியமில்லாத ஃபங்ஷனை லாம்டா என்று அங்கேயே எழுதிவிடலாம். 1930-களில் அலான்சோ சர்ச் தம் கணிதத்தில் பயன்படுத்திய கிரேக்க எழுத்தின் பெயர் அது.

(மேப் (லாம்டா (எண்) (* எண் எண்)) '(1 2 3 4))

'(1 4 9 16) கிடைக்கும். (ஃபில்டர் ஈவன்? '(3 8 5 12)) என்றால் இரட்டைப்படை எண்கள் மட்டும்: '(8 12). ஈவன்? இங்கே அடைப்பில்லாமல் நிற்கிறது, ஏனென்றால் அதை நாம் செய்யச் சொல்லவில்லை, கையில் கொடுக்கிறோம். (ஈவன்?) என்று அடைப்புப் போட்டுவிட்டால் உள்ளீடு இல்லாமலே அது அழைக்கப்பட்டு அரிட்டி மிஸ்மேட்ச் வரும். இந்த ஒரு வித்தியாசம் விளங்கிவிட்டால் அடைப்புக்குறிப் பாடம் முடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஃபோல்ட்-எல், அதாவது ஃபோல்டோடு ஒட்டிய எல் எழுத்து, நாம் எழுதிய கூட்டு-2-இன் பொது வடிவம். (ஃபோல்ட்-எல் + 0 '(4 7 9)) என்றால் 20. நீங்களே லாம்டா எழுதிக் கொடுக்கும்போது உறுப்பு முதலில், இதுவரை சேர்ந்தது இரண்டாவது; வேறு சில மொழிகளில் இது தலைகீழ். கூட்டலில் வரிசை மாறினாலும் தெரியாது, கான்ஸில் தெரிந்துவிடும். (ஃபோல்ட்-எல் கான்ஸ் எம்ப்டி '(1 2 3)) லிஸ்ட்டைத் திருப்பிப் போட்டு '(3 2 1) தரும்.

சேர்த்து ஒரு சிறு புரோகிராம்

மளிகைப் பில் ஒன்று. ஒவ்வொரு வரியும் பெயர், விலை, அளவு என்று மூன்று உறுப்புள்ள லிஸ்ட். இரண்டாம் வரியில் உள்ள ராக்யூனிட், கடைசியில் வரும் செக்-ஈக்வல்? என்ற சோதனையைத் தரும் நூலகம்.

#லாங் ராக்கெட்
(ரெக்வயர் ராக்யூனிட்)

(டிஃபைன் பில்
  (லிஸ்ட் (லிஸ்ட் "அரிசி" 62 5)
          (லிஸ்ட் "துவரம்பருப்பு" 160 1)
          (லிஸ்ட் "நல்லெண்ணெய்" 380 1/2)))

(டிஃபைன் (வரித்தொகை வரி)
  (* (செகண்ட் வரி) (தர்ட் வரி)))

(டிஃபைன் (மொத்தம் வரிகள்)
  (ஃபோல்ட்-எல் + 0 (மேப் வரித்தொகை வரிகள்)))

(டிஃபைன் (பெரிய-வரிகள் வரிகள்)
  (ஃபில்டர் (லாம்டா (வரி) (> (வரித்தொகை வரி) 200)) வரிகள்))

(செக்-ஈக்வல்? (மொத்தம் பில்) 660)

மேப் முடிந்ததும் '(310 160 190) கிடைக்கும், கூட்டினால் 660. (பெரிய-வரிகள் பில்) அரிசி வரியை மட்டும் தரும். ஃபங்ஷன்கள் எதற்குள்ளும் அச்சிடும் கட்டளை இல்லை என்பதைப் பாருங்கள். டிஸ்ப்ளேஎல்என் கொண்டு உள்ளேயே அச்சிட்டால் ஃபங்ஷனின் மதிப்பு வாய்ட் ஆகிவிடும், வெளியே கூட்ட ஒன்றும் கிடைக்காது. அச்சிடுவது கோப்பின் கடைசியில் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

தட்டும்போது அடைப்பை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கர்சரை அடைப்பின் அருகே வைத்தால் டாக்டர்ராக்கெட் அதன் இணைவரை நிறம் பூசிக் காட்டும். கண்ட்ரோல்-ஐ அழுத்தினால் கோப்பு முழுவதும் சரியான உள்தள்ளலுக்கு வரும். ஒரு வரி நீங்கள் எதிர்பார்த்ததைவிட வலப்பக்கம் தள்ளிப் போய் நின்றால் அதற்கு மேலே எங்கோ ஓர் அடைப்பு மூடவில்லை. இடது ஓரத்துக்கு ஓடி வந்துவிட்டால் ஒன்று கூடிவிட்டது. அனுபவசாலிகள் அடைப்பைப் படிப்பதே இல்லை, உள்தள்ளலைத்தான் படிக்கிறார்கள்.

செக்-ஈக்வல்? தேறினால் மௌனமாக இருக்கும். தவறினால் வந்த மதிப்பையும் எதிர்பார்த்த மதிப்பையும் அடுத்தடுத்த வரியில் காட்டும். ஒரு முறை வேண்டுமென்றே தவறவிட்டுப் பாருங்கள். நல்லெண்ணெய் வரியில் 1/2 என்பதை 0.5 என்று மாற்றி ரன் செய்யுங்கள். வந்தது 660.0, எதிர்பார்த்தது 660 என்று சோதனை தவறும். தசமப் புள்ளி ஒன்று உள்ளே நுழைந்தால் அது தொட்ட கூட்டல் எல்லாம் தசமமாகிவிடும், ஈக்வல்? அந்த இரண்டையும் வேறு வேறாகவே பார்க்கும், = குறி மட்டும் சமம் என்று சொல்லும். 1/2-ஐத் திரும்ப வைத்து ரன் செய்தால் சிவப்பு மறைந்துவிடும்.